வரகுக்கோழியை நான் காட்டவில்லை

காசிரங்காவுக்கு நான் காண்டாமிருகம் பார்க்கப் போகவில்லை. ஒருவரைப் பழிவாங்கப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் பனி, புல்வெளி, யானைக்கூட்டம் என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் இருந்தது. ஆனால் இரண்டு மாதம் நான் உட்கார்ந்து படித்துத் தயாரானது வேறொன்றுக்காக.

எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. செந்துறையிலிருந்து எந்தத் திசை, எத்தனை தூரம் என்று சொல்ல மாட்டேன், ஒரு கைவிடப்பட்ட கல்குழி இருக்கிறது. தோண்டி எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடியில் பச்சையாகத் தண்ணீர், சுற்றிலும் சுவர் மாதிரி வெள்ளைப் பாறை, பாறைக்குள் கல்லாகிப்போன கிளிஞ்சல்கள். எம்.எஸ்சி. முடித்துவிட்டு அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமையானால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளிஞ்சல் பொறுக்கப் போய்விடுவேன். அப்படிப் போன ஒரு நாள், எதிர்ப்பாறையின் விளிம்பில் ஒரு கல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. ஆரஞ்சு நிறக் கண். கொம்பன் ஆந்தை.

பாறை விளிம்பில் வெறும் மண்ணில்தான் அது முட்டையிடும். மேலே ஒரு சீமைக்கருவேலங்கிளை வளைந்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆறு வாரம் போய்ப் போய்ப் பார்த்தேன். மூன்று குஞ்சு பொரித்தது. வெள்ளைப் பஞ்சு உருண்டைகள். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருவரிடம் மட்டும் சொன்னேன்.

அவரைத் தலைவர் என்றுதான் சொல்வோம். பெரம்பலூரில் மக்காச்சோள மண்டி வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு மாவட்டத்திலும் பறவை பார்க்கிறவர்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம், அதற்கு அவர்தான் தலைவர். என்னுடைய முதல் பைனாகுலர் அவர் கொடுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். புத்தகம் எல்லாம் அவருக்கு ஆகாது. பறவையைத் தேடி அலைய மாட்டார். யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் முழங்கை நீளத்துக்கு லென்ஸை மாட்டிக்கொண்டு வந்து இறங்குவார். அவருடைய தொழில்முறையே அதுதான். என்னைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "நீ கண்ணு பாப்பா. நான் கேமரா."

எனக்கு அது அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று நிபந்தனை போட்டேன். தனியாக வரணும், எதிர்க்கரையிலிருந்துதான் பார்க்கணும், அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். சொன்னபடியே தனியாகத்தான் வந்தார். வகுப்பில் வரைபடம் காட்டுகிற மாதிரி நான் கையை நன்றாக நீட்டி விளிம்பைக் காட்டினேன். அவர் குசுகுசுவென்று பேசினார், அரைமணியில் கிளம்பினார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குழுவின் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. இறக்கையை விரித்து, கண்ணை உருட்டி, கேமராவை நேராகப் பார்க்கும் கொம்பன் ஆந்தை. நேரெதிரே, பத்தடியில் நின்று எடுத்த படம். சோற்றில் கை வைத்தபடியே எழுந்துவிட்டேன்.

நான் போய்ச் சேரும்போது மூன்று மணி இருக்கும். இரண்டு கார் வந்துபோன தடம். குழியின் மேல்விளிம்பெல்லாம் செருப்புத் தடம். சீமைக்கருவேலங்கிளை வெட்டுப்பட்டுத் தண்ணீரில் மிதந்தது. மார்ச் மாத வெயில் அந்த வெள்ளைப் பாறையில் அடித்தால் எப்படி இருக்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். இரண்டு குஞ்சு அப்படியே குப்புறக் கிடந்தன. மூன்றாவது இல்லை. விளிம்பில் இரண்டு காக்கை உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தன. தாய் ஆந்தை தள்ளி ஒரு பொந்தில் இருந்தபடி என்னைப் பார்த்தது. வேறு யாரைப் பார்க்கும்? ஆறு வாரமாக அது பார்த்த முகம் என்னுடையதுதான்.

வீட்டில் அழுதேன். கொல்லையில் பீர்க்கங்கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"விரல நீட்டியா காட்டுன?"

எங்கள் வீடுகளில் அது ஒரு பழக்கம். கொடியில் பிஞ்சு இறங்கியிருந்தால் விரலை நீட்டிக் காட்டக் கூடாது, வெம்பிப்போய்விடும். காட்டத்தான் வேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்தே இதற்காக அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கும் கத்தினேன், கிளையை வெட்டினாங்கம்மா, வெயில் அடிச்சு செத்துச்சு, விரலாவது ஒண்ணாவது என்று. அம்மா கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். அந்தப் படத்துக்கு அதற்குள் ஒரு போட்டியில் பரிசு கிடைத்து, சட்டம் போட்டு, மண்டியில் மாட்டியிருந்தார். கீழே ‘என் தேடலில்’ என்று எழுதி அவர் பெயர். குஞ்சு மூன்றும் போய்விட்டது, கிளையை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். என் குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கவில்லை.

"ஆந்தைதான பாப்பா. அது கத்துனா சாவுங்குறாங்க. இனிமே உங்க ஊர்ல எவனும் சாவ மாட்டான், சந்தோசப்படு."

எல்லோரும் சிரித்தார்கள். இருபது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். எனக்குப் பாறையில் கிடந்த குஞ்சுகளைவிட அந்தச் சிரிப்புத்தான் பிறகு அடிக்கடி நினைவுக்கு வந்தது. அது நல்லதில்லை என்று தெரியும். வந்தது.

குழுவைவிட்டு நான் விலகவில்லை. விலகினால் அவருக்கு என்ன? வேறொரு கண் கிடைக்கும். நான் இருந்தேன். சிரித்துப் பேசினேன். ஏரியில் புதிதாக வாத்து இறங்கினால் முதலில் அவருக்குத்தான் சொன்னேன். இந்தப் பெண் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று அவர் நம்பும்வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பத்து மாதம் ஆயிற்று.

பிறகு அவரே வழி காட்டினார். மார்ச்சில் அசாம் போகலாம், காசிரங்கா, நாலு பேர், ஒரு ஜீப் என்று அறிவித்தார். காண்டாமிருகம் எல்லோரும் எடுத்தாயிற்று, எனக்கு வேண்டியது வங்காள வரகுக்கோழி என்றார். நம்ம மாவட்டத்திலிருந்து எவனும் எடுக்காத படம்.

வரகுக்கோழி என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பேராவது புரியும், வரகு விதைத்த மண் இது. இந்த வங்காளத்து வகை நம் பக்கம் இருப்பதில்லை. வடக்கே சில புல்வெளிகளில் மட்டும், அதுவும் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. கோழியைவிடப் பெரிதாக, காலும் கழுத்தும் நீண்டு இருக்கும். வருடம் முழுக்கப் புல்லுக்குள் ஒளிந்தே வாழும். மார்ச் வாக்கில்தான், பெட்டையை அழைக்க, ஆண் பறவை புல்லுக்கு மேலே எழும்பிக் காட்டும். சில வினாடிதான். அதையும் உயரமான யானைப்புல்லில் செய்யாது. தீ வைத்துக் கருக்கி, புதுத்தளிர் முழங்கால் அளவு வந்திருக்கும் திட்டாகப் பார்த்து நிற்கும். இவ்வளவையும் நான் படித்தேன். எந்தப் பக்கத்தில் எந்த மாதம் புல்லை எரிப்பார்கள், விடிந்ததும் எத்தனை மணிக்குள் எழும்பும், எல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். தலைவர் ஒன்றும் படிக்க மாட்டார். படிப்பதற்கு நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

என் திட்டம் இவ்வளவுதான். அதை நான் பார்க்க வேண்டும். அவர் பார்க்கக் கூடாது.

தனியாக ஆம்பிளைகளோடு அனுப்ப அம்மா சம்மதித்திருக்க மாட்டாள். லெப்பைக்குடிக்காட்டுப் பாயும் அவர் மனைவியும் வருகிறார்கள் என்றதும் சரி என்றாள். பாய் பல வருடம் துபாயில் கடை வைத்திருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். தலைவருடைய நிழல் மாதிரி, ட்ரைபாட் தூக்குவது முதல் டிக்கெட் போடுவது வரை எல்லாம் அவர். நல்ல மனிதர், பேச்சு குறைவு. அவர் மனைவியை நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். ராத்தாவுக்குப் பறவையும் தெரியாது மிருகமும் தெரியாது. திருச்சியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளுக்கு அனுப்புவதற்காகப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இருப்பார். சென்னையில் விமானம் ஏறியதிலிருந்து எடுத்த மேகமே ஒரு மணி நேரம் தேறும்.

முதல் சஃபாரி மத்தியானம். திறந்த ஜீப். முன்னால் ஓட்டுநரும், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும். நடு இருக்கையில் தலைவரும் பாயும். பின்னால் நானும் ராத்தாவும். ஜீப்பைவிட்டு இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பாதையைவிட்டு விலகக் கூடாது என்று வாசலிலேயே சொல்லித்தான் விட்டார்கள். தலைவர் தன் மண்டி இந்தியில், வடநாட்டு லாரிக்காரர்களை விரட்டுகிற அதே தொனியில், இங்கே நிறுத்து, பின்னால் போ, என்று ஓட்டுநரை ஏவிக்கொண்டே வந்தார்.

நான் கோபத்தோடு போனவள்தான். ஆனாலும் காடு முடிந்து அந்தப் புல்வெளி திறந்தபோது வாய் பிளந்துவிட்டேன். மக்காச்சோளக் காட்டுக்குள் நின்றால் வானம் மட்டும்தான் தெரியும் இல்லையா, அதைப்போல் ஜீப்பைவிட உயரமான யானைப்புல் இரண்டு பக்கமும். சட்டென்று அது தாழ்ந்து, கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை சமவெளி, நடுநடுவே நீர், நீர்க்கரையில் பன்றி மான்கள், எருமைகள், ஏழெட்டு காண்டாமிருகம். ஒன்று பாதையோரமாகவே மேய்ந்தது. அதன் தோலில் இருந்த மடிப்புகளையும் ஆணித்தலை மாதிரியான புடைப்புகளையும் எண்ணிவிடலாம் போல் அருகில். ராத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்:

"சிமெண்ட் பேக்டரி லாரி மாதிரியே இருக்கு புள்ள. டிங்கர் வேல பாத்த லாரி."

சிரிப்பை அடக்கப் போய் இருமல் வந்துவிட்டது. தலைவர் திரும்பி முறைத்தார். ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், எதற்கு வந்தோம் என்பதே மறந்திருந்தது. அவர் முறைத்ததும் ஞாபகம் வந்தது. அவருக்கு அதற்காகக்கூட நான் நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை கிழக்குப் பகுதி. நல்ல குளிர், ராத்தா துப்பட்டாவுக்கு மேல் பாயின் மப்ளரையும் சுற்றியிருந்தார். பாதையின் வலது பக்கம் எரித்த திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கரிக்கட்டைகளுக்கு நடுவே இளம்பச்சை. நோட்டில் எழுதியிருந்தது அப்படியே தரையில் விரிந்து கிடந்தது.

இடது பக்கம் தாய்க் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு புல்லைவிட்டு வெளியே வந்தது. ஜீப் நின்றது. தலைவர் எழுந்து நின்று, வலது காலைக் கம்பியில் ஊன்றி, படபடவென்று எடுக்க ஆரம்பித்தார். பாய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் இடது பக்கம் பார்த்தார். எல்லோரும் இடது பக்கம்.

நான் வலது பக்கம் பார்த்தேன்.

நூறு அடி இருக்கலாம். கருகிய திட்டின் நடுவிலிருந்து ஒரு கறுப்புப் பறவை எழும்பியது. உடம்பு கறுப்பு, இறக்கை மட்டும் பால் வெள்ளை. கறுப்புச் சட்டைக்கு வெள்ளைக் கை தைத்த மாதிரி. படபடவென்று மேலே போய், ஒரு இடத்தில் நின்று, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்படியே மிதந்து இறங்கிப் புல்லுக்குள் மறைந்தது. சத்தம்கூட இல்லை. நான் கண்ணை இமைக்கவில்லை. மறுபடி எழும்பியது.

அப்போதுதான் பார்த்தேன், ராத்தாவும் வலது பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போன். இன்னொரு கை பறவையை நோக்கி நீள்கிறது, வாய் திறக்கிறது.

அந்த விரலைப் பிடித்து மடக்கினேன். கொஞ்சம் அழுத்தமாகவே.

"மடக்குங்க ராத்தா," என்றேன், காதோடு காதாக.

ராத்தா என்னைப் பார்த்தார். அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் சுரைப்பிஞ்சு இறங்கும். எதற்காக விரலை மடக்குவார்கள் என்று அவருக்கும் தெரியும். என்ன புரிந்துகொண்டாரோ, வாயை மூடிக்கொண்டார். மடங்கிய விரல் என் உள்ளங்கைக்குள்ளேயே இருந்தது. பறவை மூன்றாவது முறை எழும்பி, மிதந்து, இறங்கியது. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தலைவர் ஒரு காண்டாமிருகத்தின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

வனக்காவலர் திரும்பினார். அவர் பார்வை அந்தத் திட்டின் மேல் ஒரு கணம் நின்றது, என்மேல் வந்தது, எங்கள் கைகளைப் பார்த்தது, மறுபடி முன்னால் போய்விட்டது. ஜீப் கிளம்பியது. வாசலில் இறங்கும்போது தலைவர் அவரிடம் வரகுக்கோழி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அவர் என்னைப் பார்க்காமலே தெரியாது என்று தலையாட்டினார். அவருக்கு என்ன காரணமோ. பாதையைவிட்டு இறக்கு, இன்னும் கிட்டே போ என்று நச்சரிக்கிற எத்தனை தலைவர்களை அவர் பார்த்திருப்பார்.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மத்தியானம் கடைசி சஃபாரி. சாப்பிட்டு முடித்ததும் தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. பெரம்பலூரில் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"பாப்பா, நீதான் படிச்சிருப்ப. எங்க நிக்கும் அது?"

ஒரு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. இவ்வளவு எளிதாகக் கேட்பார் என்று நினைக்கவில்லை. நோட்டைப் புரட்டுகிற மாதிரி புரட்டினேன்.

"தண்ணிப் பக்கம்ணே. யானைப்புல்லு நல்லா ஒசந்து நிக்கிற எடமாப் பாக்கணும். சாயங்காலம் தண்ணிக்கு வரும். ஒரே எடத்துல அசையாம நிக்கணும்."

ஒவ்வொரு வார்த்தையும் பொய். நீர்நிலையை ஒட்டிய காவல் கோபுரத்தில் ஏறி நின்றார். அங்கே மட்டும்தான் இறங்கலாம். சஃபாரி நேரம் முழுவதும், ஆளை மறைக்கும் யானைப்புல்லைப் பார்த்துக்கொண்டு, லென்ஸைத் தோளில் தாங்கியபடி, வெயிலில் நின்றார். எதிர்வெயில். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நீர் வடிந்தது. பாய் குடை பிடிக்கலாமா என்றார், அசையக் கூடாதாம் என்று கையமர்த்திவிட்டார். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து அவர் கழுத்து சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையில் அந்த வெயில் எப்படி அடித்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். இது போதாது என்று தோன்றியது. நிழலுக்குப் போங்கண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை.

சென்னையிலிருந்து தலைவர் பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டார். நாங்கள் மூவரும் ரயில். செங்கல்பட்டு தாண்டியதும் ராத்தா போனை எடுத்து என்னிடம் நீட்டினார். எட்டு வினாடி வீடியோ. ஆடுகிறது, மங்கல், ஆனால் சந்தேகமே இல்லை. கறுப்பு உடம்பு, வெள்ளை இறக்கை, எழும்பி மிதக்கிறது. கடைசியில் என் குரல், மடக்குங்க ராத்தா.

"இதத்தான அவரு தேடுனாரு?" என்றார் ராத்தா. "ஏன் புள்ள மறைச்ச?"

சொன்னேன். ஆந்தை, குஞ்சு, கிளை, கூட்டத்தில் சிரித்தது, எல்லாம். ராத்தா கேட்டு முடித்துவிட்டுப் பாயின் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் போனீங்களா?"

பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கிளைய வெட்டுனது நான்தாம்மா. வண்டில அருவா இருந்துச்சு. மறைக்குது, வெட்டுங்க பாய்ன்னாரு. வெட்டிட்டேன். யோசிக்கல."

ஒரு வருடமாக அந்தக் கிளையை வெட்டிய கைக்கு நான் வைத்திருந்த முகம் வேறு. இந்தக் கைதான் காலையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது. மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. விருத்தாசலத்தில் இறங்குவதற்கு முன்னால் ராத்தா அந்த வீடியோவை எனக்கு அனுப்பினார். பாய் கண் முன்னாலேயே தன் போனிலிருந்து அழித்தார்.

"ஒங்கிட்டயே இருக்கட்டும். என்ன செய்யணுமோ செய்யி."

என்ன செய்யணும் என்று அரியலூர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பயணம் போய்வந்தால் அடுத்த கூட்டத்தில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி, பயணத்தில் எடுத்த படம் ஒன்றைச் சட்டம் போட்டு நினைவுப் பரிசாகக் கொடுப்போம். அவர் அதை மண்டியில் மாட்டிக்கொள்வார். மாட்டாமல் இருக்க முடியாது, மாதாமாதம் கூட்டமே மண்டியின் மாடியில்தான். இந்த முறை பரிசு என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீடியோவிலிருந்து ஒரு கணத்தை எடுத்து, பெரிதாக்கி, நல்ல தேக்குச் சட்டம் போட்டேன். மங்கலாகத்தான் இருந்தது. கீழே அழகான எழுத்தில் அச்சடிக்கச் சொன்னேன்: ‘வங்காள வரகுக்கோழி, ஆண். கண்டவர்கள்: பின் இருக்கையில் இருந்த இருவர். இடம்: சொல்வதற்கில்லை.’

ஞாயிற்றுக்கிழமை. மாடியில் சோளத்தூசி நெடி. போன வருடம் சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கிடைக்காத வரகுக்கோழியைப் பற்றி அவர் உருக்கமாகப் பேசினார். அங்கே இப்போது அது இல்லவே இல்லையாம், அந்தப் பகுதியில் அழிந்தே போயிருக்கலாமாம், காவலருக்கே தெரியவில்லையாம். எல்லோரும் வருத்தமாகத் தலையாட்டினார்கள். நான் எழுந்து போய், பளபளக் காகிதம் சுற்றிய பரிசை இரண்டு கையாலும் கொடுத்தேன். பிரிங்கண்ணே என்றேன். போட்டோ எடுப்பவர்கள் முன்னால் வந்தார்கள். பிரித்தார்.

படத்தைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தார். பொன்னாடை ஒரு தோளிலிருந்து நழுவியது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்துவிட்டார்.

"எப்ப எடுத்தது இது?" என்றார் தலைவர்.

"ரெண்டாவது நாள் காலைலண்ணே. நீங்க காண்டாமிருகத்தோட பின்பக்கத்த எடுத்துக்கிட்டு இருந்தப்ப."

முதலில் யாரோ ஒருவர் ஓரத்தில் மூக்கால் சிரித்தார். பிறகு அது பரவியது. அதே மாடி, அதே ஆட்கள், அதே சிரிப்பு. அவருக்குப் புரிந்துவிட்டது. தண்ணிப் பக்கம், யானைப்புல், அசையாமல் நின்றது, எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போனதை நான் நின்று பார்த்தேன். போட்டோக்காரர் சிரிங்கண்ணே என்றார். சிரித்தார். அந்தப் படமும் என்னிடம் இருக்கிறது.

"ஏன் பாப்பா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"கோழிதானண்ணே," என்றேன்.

இனிக்கவில்லை என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். இனித்தது. பஸ்ஸில் வரும்போதும் இனித்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெண் என் தோளில் சாய்ந்தபோதும் நகராமல் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். அந்தப் படத்தை அவர் ஆந்தைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார், வேறு வழியில்லை. மண்டிக்கு வருகிற விவசாயிகள் இது என்ன பறவை, எங்கே எடுத்தீங்க என்று கேட்கிறார்களாம். அவருக்குப் பதில் இல்லை. அவர் இப்போது என்னைக் கண் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதே இல்லை.

இந்த வருடம் மழை நின்றதும் கல்குழிக்குப் போனேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், இடத்தைத்தான் எழுதவில்லையே. பழைய விளிம்பில் ஒன்றும் இல்லை. அடுத்த சுவரில், வெட்ட முடியாத ஒரு பாறை மடிப்புக்குள், ஒரு கல் கண்ணைத் திறந்தது. பக்கத்தில் இன்னொரு கல்லும் திறந்தது. எதிர்க்கரையில் அரைமணி மட்டும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேராக அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன், ஊரிலிருந்து வரும் சித்தியை அழைத்துப்போக. அங்கே பாய் நின்றுகொண்டிருந்தார். குழுவை விட்டு விலகிவிட்டாராம். ராத்தா விசாரித்ததாகச் சொன்னார். கொஞ்ச நேரம் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்பவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஆந்த திரும்ப வந்துச்சாம்மா?"

நல்ல மனிதர். எனக்குத் தெரியும். அவர் வெட்டியதும் எனக்குத் தெரியும்.

"தெரியலைங்க பாய்," என்றேன். "அந்தப் பக்கமே போறதில்ல."

அவர் பார்வை கீழே இறங்கியது. என் செருப்பு இரண்டும், கணுக்கால்வரை, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூசி. வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.